வயிற்றுத் தண்ணீர் பார்த்துச் சொன்னவர்

மலம், சிறுநீர், சளி, சீழ், வயிற்றில் ஊசி குத்தி எடுத்த நீர். இவற்றோடுதான் என் இளமை போயிற்று. பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஷாப் வாடையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எந்த வாடைக்கும் நான் மூக்கைப் பிடித்ததில்லை. புழு நெளியும் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் நிம்மதியாக டீ குடிப்பேன். எனக்குக் குமட்டியதெல்லாம் ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத்தான். இத்தனைக்கும் அவர் படு சுத்தக்காரர். பவுடர் பூசி, வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வருவார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பேக்கரிக்கு மேலே மாடியில் அவருடைய லேப் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பெயர் வேண்டாம். மனிதர் செத்துப் போய்விட்டார், பிள்ளைகள் இதே ஊரில் மரியாதையாக இருக்கிறார்கள். நாங்கள் சார் என்போம், ஊரும் சார் என்றுதான் சொல்லும். அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல இந்த ஊரில் ஆள் கிடைக்காது. அதனால்தான் நான் சொல்கிறேன்.

சேர்ந்த முதல் நாள் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டில் யாருடைய வயிற்று நீரோ, பழுப்பு மஞ்சளாக ஒரு பாட்டிலில் இருந்தது. அதை ஒட்டியே அவருடைய தயிர்சாத டப்பா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாட்டை இங்கே வைக்கக் கூடாது என்று நேராகப் போய்ச் சொன்னேன். புதுப்பெண் சொல்கிறாளே என்று கோபப்படவில்லை, உடனே எடுத்து வெளியே வைத்துவிட்டார். பரவாயில்லையே என்று நினைத்தேன். மறுநாள் சகாயம் அண்ணன், அவர் எனக்கு மூத்த டெக்னீஷியன், இந்த வெயிலில் தயிர் புளித்துவிடுமே சார் என்றார். டப்பா மறுபடியும் வயிற்று நீருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. நான் முறைத்தால் வெளியே வரும், சகாயம் அண்ணன் சொன்னால் உள்ளே போகும். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று அவர் ஒரு நாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. யார் கடைசியாகச் சொன்னார்களோ அவர்கள் சொன்னது சரி.

இது சாதாரண இளகிய மனம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. போகப் போகத்தான் தெரிந்தது, அவருக்கு வாயில் சொந்தமாக ஒரு பேச்சு கிடையாது. யார் வந்தாலும் முதல் கேள்வி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பதுதான். எதிராளி என்ன சொல்கிறாரோ அதை வாங்கி, கொஞ்சம் மெருகேற்றி, அவரிடமே திருப்பிக் கொடுப்பார். தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் படியேறி வருவார்கள். இரண்டு பேருமே சாரின் வீட்டு ஓட்டு மொத்தமும் நமக்குத்தான் என்று பூரித்துப் போய்ப் படியிறங்குவார்கள். தவக் காலத்தில், நான் கிறிஸ்தவள் என்பதால் என்னிடம், நானும் இந்த நாற்பது நாளும் கவுச்சி தொடுவதில்லைம்மா என்பார். சொல்லும்போது வாயில் பிரியாணி வாடை வீசும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் யாராவது ரத்தம் கொடுக்க வந்தால், நானும் வருஷா வருஷம் நடந்துதான் போகிறேன் என்று காலைத் தேய்த்துக் காட்டுவார். அவர் அம்பாசிடரில் போய்விட்டு மாலைக்குள் திரும்பியதை நாங்கள் பார்த்திருப்போம்.

சந்தில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சாக்கடைத் தகராறு வந்தது. போலீஸ் வரைக்கும் போனார்கள். யாரய்யா உங்களுக்குச் சாட்சி என்று கேட்டதற்கு இரண்டு பேரும் இவரைத்தான் சொன்னார்களாம். ஸ்டேஷனுக்குப் போன மனிதர், இன்ஸ்பெக்டர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு அதையே சாட்சியாகச் சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

அவருடைய வீட்டம்மா ஒரு நாள் லேபுக்கு வந்தவர், அவர் இல்லாத நேரம் என்பதால் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். சாருக்கு என்ன வெஞ்சனம் பிடிக்கும் என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டேன். "தெரியலம்மா. நான் எதை வச்சாலும் அதுதான் பிடிக்கும்பாரு. இம்புட்டு வருசமா எனக்கு அவரு ருசி என்னன்னே தெரியாது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்த வயிற்று நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மகோதரம் என்பார்கள். குடித்துக் கெட்டுப்போன ஈரலாலும் கோக்கும், காசநோயாலும் கோக்கும், புற்றுநோயாலும் கோக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வயிறுதான். டாக்டர் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்து எங்களுக்கு அனுப்புவார். அதில் இரண்டு என்சைம்களை அளந்து சொல்ல வேண்டும். ஒன்று எல்.டி.எச். செல்கள் கன்னாபின்னாவென்று பெருகி உடைகிற இடத்தில் அது ஒழுகி நீரில் கலக்கும், மிகவும் கூடியிருந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று ஏ.டி.ஏ. அது ஏறியிருந்தால் பெரும்பாலும் காசம். இந்த இரண்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, மைக்ராஸ்கோப்பில் செல்லையும் பார்க்க வேண்டும். அதற்கு மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும், பதில் வர நாளாகும். அதனால் எங்கள் ஊர் டாக்டர்கள் பலர் என்சைம் கணக்கையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். காசம் என்றால் மாத்திரை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம். புற்று என்றால் வேறு வழி. எந்த வழியில் போவது என்று கேட்டுத்தான் ஒவ்வொரு பாட்டிலும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தது.

சர்க்கரை, உப்பு, மஞ்சள் காமாலை டெஸ்ட்டெல்லாம் ஒழுங்காகவே செய்வோம். அதற்கெல்லாம் தினமும் ஆள் வருவார்கள். இந்த என்சைம்களுக்கு அப்படி இல்லை. டெஸ்ட்டுக்கு வேண்டிய மருந்து பெட்டியில் பொடியாக இருக்கும், ஒரு முறை கரைத்துவிட்டால் சில நாளில் கெட்டுப்போகும். எப்போதோ வரும் ஒற்றைப் பாட்டிலுக்காகப் பெட்டியை உடைக்க அவருக்கு மனசு வராது. ஆகவே அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

பாட்டிலோடு வந்த சொந்தக்காரர்கள் எதிரில், அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். மெதுவாகச் சாய்ப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். சாயங்காலம் வந்து ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டு டாக்டருக்குப் போன் போடுவார். தண்ணீர் வந்திருக்கிறது சார், பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பார். டாக்டர் தன் மனதில் இருப்பதைச் சொல்லுவார். ஈரல் என்றால் ஈரலுக்கு ஏற்ற கணக்கு. காசம் என்றால் காசத்துக்கு. புற்று என்றால் எல்.டி.எச். விண்ணுக்கு ஏறும், ஏ.டி.ஏ. தரையில் கிடக்கும். கணக்கைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு அந்த நீரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுவார்.

முதல் முறை அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிரட்டியது. நீரைப் பார்த்து இல்லை. ஒரு மனுஷி படுத்துக்கிடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தடித்த ஊசிக்கு வயிற்றைக் காட்டிக் கொடுத்து அனுப்பிய நீர் அது. அதைச் சோறு வடித்த கஞ்சியைக் கொட்டுவதுபோலக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கர்ச்சீப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். இதைவிட அசிங்கமான ஒன்றை அந்த லேபில் நான் பார்த்ததில்லை. ஏன் சார் இப்படி என்று கேட்டதற்கு, டாக்டர் படித்தவரம்மா, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்றார். வேறு வேலை தேடினேன், கிடைக்கவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலம் அது.

அகரத்திலிருந்து பாப்பாத்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த குடும்பம். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வயிறு பெருக்க ஆரம்பித்ததும் ஊரே அவள் உண்டாகியிருப்பதாக நினைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிகள் மாங்காய் கொண்டுவந்து கொடுத்துக் கேலி பேசியிருக்கிறார்கள். இவளும் வெட்கப்பட்டுக்கொண்டு தின்றிருக்கிறாள். மாதம் போகப் போக வயிறு மட்டும் ஏறி, கை கால் குச்சியாகி, முகம் கறுத்துப்போன பிறகுதான் டாக்டரிடம் கூட்டிவந்தார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் கர்ப்பப்பை பக்கம் தடித்திருப்பதைப் பார்த்துப் புற்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார். நீரை எடுத்து எங்களுக்கு அனுப்பினார்.

பாட்டிலை அவள் புருஷனே பையில் வைத்துக் கொண்டுவந்தார். வழக்கம்போல டியூப் லைட், ஒற்றைக் கண், பிறகு போன். மறுமுனையில் டாக்டர் என்ன சொன்னார் என்பது இந்தப் பக்கம் சாரின் தலையாட்டலிலேயே தெரிந்தது. ரிப்போர்ட்டில் எல்.டி.எச். எக்கச்சக்கமாக ஏறியது. இந்தத் தடவை நான் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டேன். பெட்டி ஒட்டுகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது, ஒரு தடவை திறங்கள் சார் என்றேன். திறக்கலாம்மா, நீ சொல்வதும் நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கொட்டுவதற்கு முன்னால் அந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். சாரின் லேபில் இந்த டெஸ்ட் செய்யவே இல்லை, நீரை வேறு எங்காவது அனுப்பிப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எத்தனை வருஷமா அவருக்கு அனுப்புறேன் தெரியுமா? என் கணிப்பும் அவர் ரிப்போர்ட்டும் ஒரு நாள்கூட மாறினதில்லை. திண்டுக்கல்லில அப்படி ஒரு லேப் காட்டு பாப்போம்" என்றார்.

பாட்டிலைத் திரும்ப என் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். அங்கிருந்து நான் லேபுக்குத் திரும்புவதற்குள் சாருக்குப் போன் போயிருந்தது. சின்னப்பெண், விவரம் தெரியாது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், நீ போய்ச் சொன்னது நல்லதுதாம்மா, மனசில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றார். அந்த முகத்தில் ஒரு கடுப்பு, ஒரு பயம், ஒன்றுமே இல்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டால்கூட, அடித்த கைக்கு வலிக்குமே என்று தடவிக்கொடுக்கிற முகம்.

சாயங்காலம் பாப்பாத்தியின் புருஷன் ரிப்போர்ட் வாங்க வந்தார். இங்கிலீஷில் எழுதியிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படியிறங்காமல் நின்றார். தண்ணீரைக் கண்ணால் பார்த்தவர் சார்தான் என்பதால் சாரின் வாயால் கேட்க வேண்டும் என்றிருக்கிறது. சார் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்க ஆத்தாவுக்குக் காசம் சார். அது செத்ததும் அதுலதான். ஒரே வீட்டுல பொங்கித் தின்னுக்கிட்டுக் கெடந்தோம். அதுதான் இவளுக்கு வயித்துல எறங்கியிருக்கும்னு எம் மனசுக்குப் படுது" என்றார் அவர்.

"எனக்கும் அதேதாங்க படுது. காசத்துக்கு இப்ப நல்ல மருந்து இருக்கு. தைரியமா போங்க" என்றார் சார்.

அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். பைக்குள் இருந்த காகிதம் புற்று என்று சொன்னது, அதை எழுதிய கை அவருடைய தோளைத் தட்டிக் காசம் என்று சொன்னது. இரண்டில் எது உண்மை என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டி திறக்கப்படவே இல்லை. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவரைப் பொய்யர் என்றுகூடச் சொல்ல முடியாது. பொய்யருக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்கும்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வைத்தியம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, வீட்டில் வைத்து ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். புருஷன் கேட்கவில்லை. லேப்காரரே காசம் என்று சொல்லிவிட்டார் என்று மனைவியைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றிருக்கிறார். அங்கே இருந்த டாக்டர் யார் பேச்சையும் நம்பாமல் புதிதாக நீர் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். ஏ.டி.ஏ. ஏறியிருந்தது. மற்ற பரிசோதனைகளும் அதையே சொல்ல, காசம் என்று உறுதியாகி மாத்திரை கொடுத்தார்கள். பாப்பாத்தி பிழைத்துவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பந்து மல்லிகையும் சீனி மிட்டாயுமாக மாடியேறி வந்தார்கள். எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. வயிறு வற்றி, கன்னத்தில் சதை போட்டிருந்தது. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். நேராகப் போய்ச் சாரின் காலில் விழுந்தாள். சார் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவர் கண்ணிலிருந்து நிஜமாகவே நீர் வழிந்தது. "எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். நடிப்பு இல்லை. அந்த நிமிஷத்தில் அப்படித்தான் அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அவள் கொடுத்த மிட்டாயை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், வாயில் போட முடியவில்லை. எதுவும் தெரியாமல் அவர் சொன்ன சொல்லால்தான் அவள் உயிரோடு நிற்கிறாள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலமே டாக்டருக்குப் போன் போட்டு, உங்கள் கணிப்பு சரிதான் சார், சாமி புண்ணியத்தில் ஏதோ அந்தப் பொம்பளை பிழைத்துக்கிடக்கிறாள் என்றார். டாக்டருக்கும் திருப்தி.

அன்றிலிருந்து அகரம், தாடிக்கொம்பு பக்கம் அவர் பெயர் பரவிவிட்டது. தண்ணீர் பார்த்துச் சொல்கிறவர் என்றார்கள். எங்கேயாவது எடுத்த நீரோடு, டாக்டர் சீட்டே இல்லாமல் நேராக இங்கே வந்து, மாப்பிள்ளைக்கு ஈரல்தானே, அம்மாவுக்குக் காசம்தானே என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டதையே கொடுத்து அனுப்புவார். அதில் எத்தனை பேர் திரும்பி வந்து மிட்டாய் கொடுத்தார்கள்? நான் பார்த்தவரை ஒருவரும் இல்லை. வராதவர்களைப் பற்றி அவர் கேட்கவும் மாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு லேபுக்குப் புது மெஷின் வந்தது. கூட்டமும் கூடிவிட்டதால் என்சைம் பெட்டிகளைத் தினமும் திறக்க வேண்டியிருந்தது. வயிற்று நீர் எதுவானாலும் நானே வாங்கி நானே செய்வேன் என்று சண்டை போட்டு அந்த வேலையை என் கைக்குக் கொண்டுவந்தேன். அவரும் சரி என்றார், எதற்குத்தான் அவர் சரி என்று சொல்லவில்லை. டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை. ஜனங்கள் அதை எதிர்பார்த்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் பாப்பாத்தி தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வடமதுரையில் கட்டிக்கொடுத்த அக்கா. அதே மாதிரி பெருத்த வயிறு, அதே மாதிரி குச்சிக் கால்கள். தங்கைக்குப் பார்த்த அதே டாக்டர்தான் நீரை எடுத்து அனுப்பியிருந்தார். நான் டெஸ்ட் செய்தேன். நம்பாமல் மறுபடியும் செய்தேன். எல்.டி.எச். அவள் ரத்தத்தில் இருந்ததைவிட நீரில் பல மடங்கு ஏறி நின்றது. ஏ.டி.ஏ. அடியில் கிடந்தது. மதுரைக்கு அனுப்பிய நீரில் புற்றுச் செல் இருப்பதாகவும் டாக்டருக்கு எழுதி வந்துவிட்டது. இப்போதே மதுரைக்குப் போனால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், தள்ளிப் போட்டால் முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை அவர் சொன்னதும் எங்கள் காகிதமும் நிஜமாகவே ஒத்துப்போயின.

ரிப்போர்ட் வாங்க மறுபடி வந்த பாப்பாத்தி காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நேராகச் சாரிடம் போனாள். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவளும் சொன்னாள்.

"எனக்கு வந்ததுதான் எங்க அக்காவுக்கும் வந்திருக்கு. ஒரு வயித்துல பொறந்தவுகதானே சார்? எனக்குக் குடுத்த மாத்திரை பேரெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு."

"அதேதாம்மா. எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் அவர்.

அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். இது காசம் இல்லை, புற்று, நானே என் கையால் டெஸ்ட் செய்தேன், இன்றைக்கே மதுரைக்குப் போங்கள் என்று சொன்னேன். பெஞ்சில் இருந்த அக்கா என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பாப்பாத்தி சாரைப் பார்த்தாள்.

சார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் புன்னகைத்தார். ஜனங்கள் என்னைக் கூப்பிடுவதுபோலவே அவரும், நர்சம்மா சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது, நீங்கள் சொல்வதிலும் தப்பில்லை என்றார். பிறகு உள்ளே போன் அடிப்பதாகச் சொல்லி எழுந்து போனார். போன் அடிக்கவில்லை.

பாப்பாத்தி என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, எனக்குப் பாவம் பார்க்கிற மாதிரிதான் பேசினாள். "அன்னைக்கும் அந்த டாக்டரு இதைத்தான் சொன்னாரு நர்சம்மா. காயிதத்துலயும் இதேதான் எழுதியிருந்துச்சு. நான் செத்தா போனேன்?"

சொல்லக் கூடாது என்று இருந்ததைச் சொல்ல வேண்டி வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது பொய்க் காயிதம்க்கா. உங்க தண்ணிய அன்னைக்கு யாருமே டெஸ்ட் பண்ணல. டாக்டரு சொன்னதக் கேட்டு இவரா எழுதுனது. இது அப்படி இல்ல. இது நான் பாத்தது" என்றேன்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் மனதில் வைத்துக் கும்பிட்ட ஒரு மனிதரைப் பற்றி நான் சொன்னதை அவள் நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அதே எடத்துல, அதே காயிதத்துல எழுதுனது. அது பொய்யின்னா, இது மட்டும் நெசம்னு நான் எப்புடி நம்புறது?" என்று கேட்டாள்.

பெஞ்சிலிருந்து அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். நான் கூப்பிடக் கூப்பிட, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மதுரை பஸ் நிற்கிற பக்கம் அவர்கள் திரும்பவில்லை. தெருவைக் கடந்து, எதிரில் இருந்த மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்தார்கள்.